மைனஸ் இரண்டு

பகலெல்லாம் எடைமேடையில் எண் தட்டுகிறேன்.
லாரி ஏறும். சிவப்பு எண் நடுங்கி அடங்கும்.
சரக்கோடு பதினாறு டன், வெறும் வண்டி ஆறு.
நடுவில் இருப்பதுதான் மாம்பழம்.
பெங்களூரா, கூழ் ஃபேக்டரிக்கு.
வைகாசியில் பழமும் வரும் முகூர்த்தமும் வரும்
தூக்கம் மட்டும் வராது.

ஆறு மணிக்குச் சட்டை மாற்றினாலும்
கழுத்தில் புளித்த வாசம் போகாது.
பெட்டியைப் போர்வையில் சுற்றி
எக்செல்லில் குறுக்காகக் கட்டுகிறேன்.
எதிரே வருகிறவர்கள் ஒதுங்குகிறார்கள்.
காவேரிப்பட்டணம் டீக்கடையில் கேட்டார்கள்:
கதவா, ஜன்னலா?
கீபோர்டு என்றேன்.
ஓ, கம்ப்யூட்டருக்கா.

அறுபத்தொரு கட்டை, ஒன்று பேசாது.
மேலே, கறுப்பில் ஒன்று.
கடிக்கிற நாய் இருக்கும் வீட்டைச் சுற்றிப்போவதுபோல
விரல் தானாகச் சுற்றிப்போகிறது.

பேனரில் எட்டுப் பேர் சிரிக்கிறோம்
பாலக்கோடு மண்டபத்துக்கு வந்தது ஐந்து பேர்.
வயலின் நான், புல்லாங்குழல் நான்
நாதஸ்வரம் வேண்டுமென்றால் நூற்றுப் பன்னிரண்டை அழுத்தவேண்டும்.
ஜடையப்பன் பேஸ் கிடாரை அடகு வைத்ததிலிருந்து
என் இடது கைதான் ஜடையப்பன்.
அசல் ஜடையப்பன் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று
தலையாட்டுகிறான், பாதிச் சம்பளத்துக்கு.

ரெஜினாவுக்குச் சளி.
ஒரு கட்டை இறக்கிக்கங்கண்ணா, இன்னிக்கு முடியல.
பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறேன்: மைனஸ் இரண்டு.
விரல்கள் பழைய இடத்திலேயே நடக்கின்றன
சத்தம் மட்டும் கீழ்வீட்டில் கேட்கிறது.

யாரும் எங்களைப் பார்க்கவில்லை.
மொய் எழுதுகிற இடத்தில் கூட்டம்,
பந்திக் கதவில் அதைவிடக் கூட்டம்.
மழை விட்ட ராத்திரி, ஈசல்
டியூப்லைட்டில் முட்டி என் கட்டைகள்மேல் விழுகிறது.
சரணத்தில் ஒன்றை நசுக்கிவிட்டேன்.
வழவழப்போடு பல்லவிக்கு வந்தேன்.

அப்போது கரண்ட் போனது.

இருட்டில் ஒரு குழந்தை கத்தியது, பிறகு செல்போன் வெளிச்சங்கள்.
சிராஜ் பேடை விட்டுவிட்டு
இரும்பு நாற்காலியின் முதுகில் அடிக்கத் தொடங்கினான்.
ரெஜினா நிறுத்தவில்லை.
மைக் இல்லாத குரல் முதல் வரிசைவரை போய்
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.
நானும் நிறுத்தவில்லை
டொக் டொக்கென்று பிளாஸ்டிக்,
இடம் தவறக்கூடாதே என்று.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
பெட்டிக்கும் உயிர் வந்தது, ஆனால்
எல்லாவற்றையும் மறந்துவிட்டு.
மைனஸ் இரண்டு இல்லை. பூஜ்யம்.
சரியான தாளத்தில், சரியான கட்டையில்,
பத்து விரலாலும் ஓங்கித் தப்பை வைத்தேன்.

மூன்று மணி நேரத்தில் ரெஜினா
என்னைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.
மாப்பிள்ளையும் பார்த்தார்.
அவசரமாக இறக்கினேன்.
அதற்குள் அவள் சளியோடு
என் சுருதிக்கு ஏறி வந்துவிட்டாள்.
குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இருவர்
ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்குவதுபோல
இரண்டு வரி.
மூன்றாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது
பாட்டோடு சேர்த்து.
சோகப் பாட்டு அது.
பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

கடைசிப் பந்தியில் எங்களுக்கு ரசம்தான் மிச்சம்.
எதுக்குண்ணா இறக்குனீங்க என்றாள் எதிர் இலையிலிருந்து.
நீ எதுக்கு ஏறுன?
முதலாளி மாதேஷ் முந்நூறு கழித்துக்கொண்டார்
ஏறினதுக்கா இறங்கினதுக்கா, சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவேன் என்று
நேராக ஃபேக்டரிக்கே வந்துவிட்டேன்.
நாலரை மணி, முதல் லாரி இன்னும் வரவில்லை.
வண்டியோடு மேடையில் ஏறி நின்றேன்.
நான், எக்செல், பெட்டி: நூற்று அறுபது.
பெட்டியை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
நூற்று அறுபது.
இருபது கிலோவுக்குக் கீழே
அது எதையும் கண்டுகொள்வதில்லை.